கடிகாரம் காட்டிய எடை

வெள்ளிக்கிழமை, காலை 10:10.

ஹாரன் சத்தம் சந்தையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை கேட்டது. விட்டு விட்டு அல்ல, ஒரே மூச்சாக. இரண்டடுக்காக நின்ற கண்டெய்னர் கடைகளின் தகரம் அதிர்ந்தது. சம்சா விற்கிறவள் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். சிவப்புக் கோடு போட்ட ஒரு வெள்ளைக் கார் சந்துக்குள் சீறி வந்து, புரூலின் சக்கரக் கடை வாசலில் மூக்கை நுழைத்து நின்றது.

உள்ளேயிருந்து மெலிஸ் குதித்தான்.

“எஜே! என்னோட பன்னிரண்டைத் திருடிட்டாங்க, எஜே!”

‘எஜே’, அதாவது அக்கா, என்று சந்தையே கூப்பிடும் புரூல் நிமிரவில்லை. சக்கரங்களைச் சமன்செய்யும் இயந்திரத்தின் முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். இயந்திரம் ஓடவில்லை. எதிரே இருந்த தேநீர் ஆறி, மேலே ஆடை படர்ந்திருந்தது.

“ஹாரனை முதல்ல நிறுத்து. சிக்கிக்கிட்டிருக்கு.”

மெலிஸ் ஒரு குத்து விட்டான். ஹாரன் வாயை மூடியது.

பிஷ்கேக் நகரத்துக்கு வெளியே பழைய விமானத் தளத்தில் கார்ப் பந்தயம் நடக்கும். நானூற்று இரண்டு மீட்டர் நேர்க்கோடு. நின்ற இடத்திலிருந்து யார் முதலில் அந்தக் கோட்டைத் தாண்டுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. பத்து வருடமாக அங்கே நேரம் எடுப்பவள் புரூல். அவள் கடிகாரம் சொன்னால் மறுபேச்சு கிடையாது. சொந்தத் தம்பி ஓட்டினால்கூட ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு தள்ளிக் கொடுக்கமாட்டாள் என்று பசங்கள் கேலி பேசுவார்கள்.

அந்தச் சொந்தத் தம்பிதான் இப்போது போலீஸ் காவலில் இருந்தான். ஐந்து நாளாக.

தாலாய், தங்கம் சுத்திகரிக்கும் ஒரு பட்டறையில் காவலாளி. திங்கட்கிழமை காலை அங்கே பெட்டகத்தைத் திறந்து பார்த்தபோது, தங்கத் துகள் இருக்கவேண்டிய ஜாடிகளில் பாதிக்கு மேல் பித்தளைத் துகள். சாவி இருந்தது தாலாயிடம். ஆகவே அவன் உள்ளே. இன்று மாலை நான்கு மணிக்கு அவனை விசாரணைச் சிறைக்கு மாற்றுகிறார்கள். பொது அறை. நாற்பது பேர், அதில் பத்துப் பேராவது இருமிக்கொண்டிருப்பார்கள். தாலாய்க்கு ஏற்கெனவே காசநோய் வந்து ஒரு நுரையீரலை எடுத்தாயிற்று. மிச்சம் இருப்பது ஒன்று.

அந்த அறைக்குள் போனால் தம்பி உயிரோடு வரமாட்டான். புரூலுக்கு இது ஒன்றுதான் தெரிந்தது. வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை.

“எஜே, சீட்டைப் பாருங்க. நீங்க கொடுத்த சீட்டுதான்.” மெலிஸ் கசங்கிய காகிதங்களை அவள் மடியில் பரப்பினான். “போன மாசம் மூணு ஓட்டம். பதினைஞ்சு புள்ளி நாற்பது வினாடி, நாற்பத்தொண்ணு, நாற்பது. நேத்து மூணு ஓட்டம். அம்பத்திரெண்டு, அம்பத்துமூணு, அம்பத்திரெண்டு. வினாடில நூறில பன்னிரண்டு பங்கு போச்சு! நாளைக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் அல்மாத்தில பந்தயம். ஒரு மணிக்குள்ள நான் எல்லையில நிக்கணும்.”

“இன்னைக்கு எனக்கு நேரமில்ல, மெலிஸ்.”

“தெரியும், எஜே.” அவன் குரல் இறங்கியது. காருக்குள் கையை விட்டு ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்தான். “பொண்டாட்டி கொடுத்தா. ரொட்டியும் வேகவச்ச கறியும். தாலாய்கிட்ட சேர்த்துடுங்க. நானும் அதே பட்டறையில உலையடியில நிக்கிறவன். அவன் எப்படின்னு எனக்குத் தெரியாதா? நாலு படி ஏற மூணு தடவை நிக்கிறவன் எங்கேர்ந்து பெட்டகத்தைத் தூக்குறது?”

புரூல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். அந்த ஒரு பொட்டலத்துக்காக, மனமில்லாமல் சீட்டைப் பார்த்தாள்.

“எஞ்சின்?”

“புதன்கிழமை சக்தி அளக்கிற பெஞ்சுல ஏத்தினேன். ஒரு குதிரைசக்திகூடக் குறையல.”

“பிரேக்?”

“அதுவும் மந்தம். வழக்கமா நிக்கிற இடத்துல நிக்கல. நாலு எட்டு தள்ளிப் போய்த்தான் நிக்குது.”

“ஆட்டம் இருக்கா?”

“துளி இல்ல. வெண்ணெய்ல கத்தி போற மாதிரி போகுது. அதான் எரிச்சல்.”

“எடை?”

மெலிஸ் தலையில் அடித்துக்கொண்டான். “அதைக் கேளுங்க! முன்னாடி தொள்ளாயிரத்து முப்பது. இப்ப பின்சீட்டு, உபரிச் சக்கரம், ஜாக்கி, தரைவிரிப்பு எல்லாத்தையும் பிடுங்கிட்டேன். நாற்பது கிலோ. புதுச் சக்கரம் வேற, ஒவ்வொண்ணும் பழசைவிட ரெண்டு கிலோ குறைச்சல்னு அதுமேலயே அச்சடிச்சிருக்கு. அப்ப எவ்வளவு வரணும்? எண்ணூத்தி எண்பத்திரெண்டு. மைதானத்துத் தராசு என்ன சொல்லுது தெரியுமா? தொள்ளாயிரத்து முப்பது! உங்க தராசு குடிச்சிருக்கு, எஜே.”

“நேத்து அந்தத் தராசுல இருபது கார் ஏறிச்சு. வேற யாரும் அழல.” அவள் முதல்முறையாகச் சக்கரங்களைப் பார்த்தாள். கறுப்பு, பளபளப்பு. “இது யார் கொடுத்தது?”

“அல்மாத்தி ஆளுங்களாம். வழக்கமா கொடுக்கிறதுதானே, அவங்க சக்கரத்துல நாம ஓடினா அவங்களுக்கு விளம்பரம். பட்டறை வாசல்ல பெட்டியா வந்து இறங்கிச்சு, உள்ள ஒரு துண்டுக்காகிதம். பின்சீட்டையும் உபரிச் சக்கரத்தையும் கழட்டிடு, பறப்பே, பந்தயம் முடிஞ்சதும் எங்க ஆள் வந்து சக்கரத்தை வாங்கிப்பான்னு. எங்க பட்டறை டைரக்டர் ஈரிஸ்பெக் அண்ணன்தான் பேசியிருப்பார். நம்ம பந்தயக் கழகத்துக்குப் புரவலரே அவர்தானே.”

“எப்ப மாட்டின?”

“போன சனிக்கிழமை, இங்கதான். நீங்க மைதானத்துல இருந்தீங்க. எதிர்க்கடையில ரெண்டு சம்சா தின்னுட்டு வர்றதுக்குள்ள வேலை முடிஞ்சிடுச்சு.” மெலிஸ் கடிகாரத்தைப் பார்த்துப் பதறினான். “கிளம்பறேன். ஏதாவது தோணிச்சுன்னா போன் பண்ணுங்க. எல்லை தாண்டினதும் இந்த நம்பர் செத்துடும்.”

கார் பின்னால் போய்த் திரும்பியது. கிளம்பும்போது எஞ்சின் முக்கியதை அவள் காது தானாகக் குறித்துக்கொண்டது.

காலை 11:15.

காவல் நிலையத்தின் பின்கட்டு. கம்பிவலைக்கு அந்தப் பக்கம் தாலாய். ஐந்து நாளில் முகம் பாதியாகியிருந்தது. சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது.

“சாப்பிடு. மெலிஸ் வீட்டுச் சாப்பாடு.”

ரொட்டியைப் பிட்டவன் வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினான். “மெலிஸ் கிளம்பிட்டானா?”

“ஒரு மணிக்கு எல்லையாம். கார் மெதுவா போகுதுன்னு ஒரே ஒப்பாரி. போறதுக்குள்ள ஒரு தடவை பார்த்துக் கொடுக்கலாம்னு நினைச்சேன்...”

“எதுக்கு? உனக்கு இருக்கிற தொல்லை போதாதா? அவன் பாட்டுக்குப் போகட்டும், எஜே.”

இந்த நிலைமையிலும் தன்னைப் பற்றிக் கவலைப்படுகிறானே என்று அவள் வலையை நெருங்கி நின்றாள்.

“தாலாய், நாலு மணிக்குள்ள உன்னை வெளியே எடுப்பேன். எப்படின்னு தெரியாது. எடுப்பேன்.”

அவன் இருமினான். நீளமான இருமல். முடிந்ததும் உதட்டைத் துடைத்துக்கொண்டு சிரிக்க முயன்றான். “எடுக்க முடியலன்னாலும் அழாத. திங்கட்கிழமை வரைக்கும் தாக்குப்பிடிச்சிருவேன்.”

“அது என்ன திங்கட்கிழமை?”

“சும்மா சொன்னேன்.”

காவலன் லத்தியால் வலையைத் தட்டினான். நேரம் முடிந்தது.

காலை 11:40.

கேப்டன் பெய்ஷனோவ் மேசையில் சூரியகாந்தி விதைத் தோல் குவிந்திருந்தது. நல்லவனா கெட்டவனா என்று சொல்ல முடியாத ஆள். வேலை முடிந்தால் போதும் என்கிற ஆள்.

“மறுபடியும் வந்துட்டீங்களா, எஜே?”

“அவனை ஆஸ்பத்திரி வார்டுல வைங்க. வேற எதுவும் கேட்கல. நெஞ்சு எக்ஸ்ரே கொண்டுவந்திருக்கேன், பாருங்க...”

“நேத்தும் பார்த்தேன். முந்தாநாளும் பார்த்தேன்.” விதையை உடைத்தான். “பேரம் இதுதான். உங்க தம்பி தன் வாயாலயே சொல்லணும், தங்கம் எங்கேன்னு. சொன்னா, தானாக முன்வந்து சொன்னான்னு எழுதி வார்டுக்கு அனுப்பறேன். அதுக்குச் சட்டத்துல இடமிருக்கு. நாலு மணி அடிச்சு வண்டி கிளம்பிட்டா என் கையில இல்ல.”

“அவன் எடுக்கவே இல்லயே, எங்கேன்னு எப்படிச் சொல்வான்? அஞ்சு கிலோ மாவு மூட்டையைத் தூக்கினா நீலம் பாரிச்சிடுவான். அம்பது கிலோ தங்கத்தை...”

“ரேடியோக்காரன் அம்பதுன்னு முழுசாக்கிச் சொல்வான். நாற்பத்தெட்டு. கிராம் சுத்தமா நாற்பத்தெட்டு கிலோ.”

புரூல் எழுந்து நின்றுவிட்டாள்.

“என்ன, எஜே?”

“நாற்பத்தெட்டா?”

“காது கேட்கலயா?”

அவள் பையிலிருந்த சீட்டுகளை மேசையில் கொட்டினாள். விதைத் தோல் பறந்தது. எண்ணூற்று எண்பத்திரண்டு வரவேண்டியது. தொள்ளாயிரத்து முப்பது வந்தது. வித்தியாசம் நாற்பத்தெட்டு.

“தங்கம் மெலிஸோட கார்ல இருக்கு, கேப்டன்.”

பெய்ஷனோவ் சிரித்தான். “செவ்வாய்க்கிழமை பட்டறை ஆளுங்க எல்லாரையும் சோதிச்சப்ப அந்தக் காரைக் கோழி உரிக்கிற மாதிரி உரிச்சாச்சு. கதவு அட்டை, டாங்கி, கூரைத் துணி. ஒரு ஆணி பாக்கியில்ல.”

“சக்கரத்தைக் கழட்டினீங்களா?”

“சுத்திப் பார்த்தோம். சக்கரம் மாதிரிதான் இருந்துச்சு.”

“டயருக்குள்ள?”

அவள் மூச்சுவிடாமல் பேசினாள்.

“இதைப் பாருங்க. போன மாசமும் தொள்ளாயிரத்து முப்பது கிலோ, நேத்தும் தொள்ளாயிரத்து முப்பது கிலோ. அதே எஞ்சின். அதே ஆளு. அதே ரோடு. எடை மாறலன்னா நேரம் மாறக்கூடாது. ஆனா பன்னிரண்டு நூறிலொண்ணு கூடியிருக்கு. ஒரு தடவை இல்ல, மூணு தடவையும்.”

“அவன் கிளட்ச்சை ஒழுங்கா விட்டிருக்கமாட்டான்.”

“மூணு தடவையும் ஒரே மாதிரி தப்பு பண்ண மெலிஸால முடியாது. எஞ்சின் சோர்ந்திருந்தா கிளம்பறதுதான் மந்தமாகும், பிரேக் ஏன் மந்தமாகணும்? கிளம்பவும் அடம், நிக்கவும் அடம். கேப்டன், ஒரு மூட்டையைக் காருக்குள்ள வச்சா எஞ்சின் அதை முன்னால தள்ளினா போதும். அதே மூட்டையைச் சக்கரத்துல கட்டுங்க. தள்ளவும் வேணும், சுத்தவும் வேணும். ஒரே கிலோவுக்கு ரெண்டு வேலை. விளிம்புல இருக்கிற ஒரு கிலோ, கிளம்பறப்ப ஒண்ணரைக் கிலோவா கனக்கும். தராசுல நின்னுக்கிட்டிருக்கிற காருக்கு இது தெரியாது. ஓடினாத்தான் தெரியும்.”

“அதாவது...”

“அதாவது, தராசு நாற்பத்தெட்டுங்குது. கடிகாரம் எழுபதுங்குது. ரெண்டும் பொய் சொல்லல. அப்படிக் கணக்கு வர்ற இடம் காருல ஒண்ணே ஒண்ணுதான். தங்கம் எந்த ரூபத்துல இருந்துச்சு?”

“துகள்தான். குருணை மாதிரி.”

“குருணையைப் பிசின்ல குழைச்சு, சக்கரத்தோட உள்வட்டத்துல பட்டையா அப்பியிருக்காங்க. ஒவ்வொண்ணுலயும் பன்னிரண்டு கிலோ. எல்லைச் சீட்டுல காரோட எடை தொள்ளாயிரத்து முப்பதுன்னு இருக்கும். அங்க இடிக்கக்கூடாதுன்னுதான் பின்சீட்டைக் கழட்டச் சொல்லியிருக்காங்க.”

பெய்ஷனோவ் விதைப் பொட்டலத்தை மடித்துப் பையில் போட்டான். தொப்பியை எடுத்தான்.

“மெலிஸ் எங்கே இப்ப?”

“ஒரு மணிக்கு எல்லை.”

மணி 12:05.

மதியம் 12:50.

ஜீப் ஓடவில்லை, ஊர்ந்தது. வெள்ளிக்கிழமை. தொழுகைக்குக் கிளம்பிய கூட்டம், தர்பூசணி லாரிகள், எல்லைக்குப் போகும் சிற்றுந்துகள். புரூல் இருபது முறை மெலிஸுக்கு அழைத்தாள். இருபது முறையும் ஒரே பெண் குரல், தொடர்பில் இல்லை என்று.

“எல்லைக்காரங்களுக்குச் சொல்லுங்க, கேப்டன்!”

“சொல்லிட்டேன். எழுத்துல கொடுங்கங்கறான்.”

அவள் கதவைத் திறந்து ஊர்ந்துகொண்டிருந்த ஜீப்பிலிருந்து இறங்கினாள். லாரிகளுக்கு நடுவே ஓடினாள். செருப்பு ஒன்று கழன்றது. திரும்பிப் பார்க்கவில்லை. தூரத்தில் ஆற்றுப்பாலம், தடுப்புக்கட்டை, அதற்கு முன்னால் வெள்ளைக் கூரையில் சிவப்புக் கோடு.

மதியம் 1:08.

சுங்க அதிகாரி முத்திரை குத்திய காகிதத்தை ஜன்னல் வழியாக நீட்டிக்கொண்டிருந்தான். “தொள்ளாயிரத்து முப்பது, சரியா இருக்கு. ஜெயிச்சுட்டு வா, தம்பி.” தடுப்புக்கட்டை மேலே எழுந்தது.

புரூல் காரின் முன்னால் போய் குப்புற விழாத குறையாகப் பானெட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“எஜே! பைத்தியமா உங்களுக்கு? இடிச்சிருப்பேனே!”

“கீழ இறங்கு, மெலிஸ். சக்கரத்தைக் கழட்டு.”

“இப்பவா? அட, நான் சும்மா புலம்பினேன், எஜே! பன்னிரண்டு போனா போகட்டும்!”

பின்னால் மூச்சிரைக்க பெய்ஷனோவ் வந்து சேர்ந்தான். அவன் கை இடுப்பில் இருந்தது. மெலிஸ் அந்தக் கையைப் பார்த்தான். சிரிப்பு முகத்திலேயே செத்தது.

ஜாக்கி கூடக் காரில் இல்லை. சிற்றுந்துக்காரன் ஒருவனிடம் வாங்கினார்கள். முன்சக்கரத்தின் போல்ட்டுகளைக் கழற்றி மெலிஸ் இரண்டு கையாலும் இழுத்தான். சக்கரம் அவனையும் இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தது.

“என்ன இது... செம்மறிக்கடா கனம் கனக்குது!”

டயரோடு சேர்த்துப் பதினாறு கிலோ இருக்கவேண்டியது. பொட்டலத் தராசில் வைத்தார்கள். இருபத்தெட்டு.

காற்றைப் பிடுங்கி, கடப்பாரையால் டயரின் உதட்டை நெம்பினார்கள். உள்வட்டம் முழுக்கக் கறுப்பாக ஒரு பட்டை, தார் பூசினாற்போல. பெய்ஷனோவ் பேனாக்கத்தியால் கீறினான். கீறிய இடத்தில் மஞ்சள் கண் சிமிட்டியது.

சுற்றி நின்ற கூட்டம் ஓரடி பின்வாங்கியது. மெலிஸ் மட்டும் முழங்காலில் உட்கார்ந்து அதைத் தொடப் போனான். தொடுவதற்குள் அவன் கைகளில் விலங்கு விழுந்தது.

மதியம் 1:20.

பெய்ஷனோவ் போனில் பேசினான். “தங்கம் கிடைச்சாச்சு. உலையடி மெலிஸ். ஆமா, நாலு மணி வண்டியை நிறுத்து. காவலாளியை விட்டுடலாம், மாலையில எழுதிக்கலாம்.”

விட்டுடலாம்.

புரூல் அப்படியே தார்ச்சாலையில் உட்கார்ந்தாள். ஐந்து நாளாக அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை கதவைத் தட்டியிருப்பாள். கிடைத்துவிட்டது. இனி வாயைத் திறக்கவேண்டிய அவசியமே இல்லை. மாலையில் தம்பியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

“எஜே!” மெலிஸ் ஜீப்பை நோக்கி இழுபட்டுக்கொண்டே கத்தினான். “எனக்குத் தெரியாது, எஜே! என் பொண்ணுங்க மேல சத்தியமா தெரியாது! நீங்களாவது சொல்லுங்க!”

அவளுக்குத் தெரியும். காலையிலேயே தெரியும்.

“கேப்டன், நில்லுங்க. இவன் இல்ல.”

“எஜே, வேலையை முடிச்சுக் கொடுத்தீங்க, நன்றி. வீட்டுக்குப் போங்க.”

“தன் சக்கரத்துக்குள்ள தங்கத்தை அடைச்சவன், கார் ஏன் மெதுவா போகுதுன்னு நேரம் எடுக்கிறவகிட்ட வந்து ஹாரன் அடிச்சு ஒப்பாரி வைப்பானா? நேத்து மூணு தடவை ஓட்டி, மூணு சீட்டையும் என் மடியில போட்டான். திருடன் மைதானத்துப் பக்கமே வந்திருக்கமாட்டான். இவனுக்குத் தெரியாது.”

பெய்ஷனோவ் நின்றான். கன்னத்தைச் சொறிந்தான். “ஒத்துக்கறேன். அப்ப யாரு?”

“சக்கரத்தைக் கொடுத்தவன். பட்டறை டைரக்டர் ஈரிஸ்பெக்கைப் பிடிங்க.”

“ஈரிஸ்பெக் இருபது நாளா அங்காராவுல ஆஸ்பத்திரியில கிடக்கார். முதுகுல ஆபரேஷன். அவர் போன மறுநாள் ஜாடியில இருந்த தங்கம் சுத்தமா இருந்துச்சுன்னு பரிசோதனைச் சீட்டு இருக்கு. அவர் போனப்புறம் போன தங்கம் இது.” கேப்டன் மெலிஸிடம் திரும்பினான். “டேய், பெட்டியில வந்த சக்கரத்தை யார் எடுத்தது? ஒவ்வொண்ணும் இருபத்தெட்டு கிலோ. மாட்டினப்ப கனம் தெரியலயா உனக்கு?”

“நான் மாட்டல. பெட்டியைப் பிரிக்கவும் இல்ல. அன்னைக்குக் காலையிலயே பட்டறை வாசல்லேர்ந்து நேரா கடைக்குப் போயிடுச்சு.”

“யாரு மாட்டினது?”

மெலிஸ் வாயைத் திறந்தான். புரூலைப் பார்த்தான். அவளுடைய ஒற்றைச் செருப்பை, ரத்தம் கசிந்த மறுகாலைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

“ஞாபகமில்ல.”

“ஆறு நாள் முன்னாடி நடந்தது ஞாபகமில்லயா?”

“இல்ல. சம்சா தின்னுக்கிட்டிருந்தேன்.”

பொய் சொல்லத் தெரியாதவன். காதுமடல் சிவந்துபோயிருந்தது. தனக்காகப் பொய் சொல்கிறான் என்று அவளுக்குப் புரிய ஒரு வினாடி ஆயிற்று. அதற்கடுத்த வினாடியில் மற்றதெல்லாம் புரிந்தது.

ஆட்டம் துளி இல்லை என்றானே. பன்னிரண்டு கிலோ பிசின் பட்டையை அப்பிய சக்கரம் வேகமெடுத்தால் காரே உதறித் தள்ளும். நான்கையும் வெண்ணெய் மாதிரி ஓட வைத்திருக்கிறான் ஒருவன். இயந்திரத்தில் ஏற்றி, சுழற்றி, கொஞ்சம் சுரண்டி, கொஞ்சம் அப்பி, மறுபடி சுழற்றி. பட்டறையிலிருந்து குருணையை அள்ளியவன் கையிலேயே அந்த இயந்திரமும் இருந்திருக்கிறது. மாவு மூட்டை தூக்க முடியாதவன் தங்கத்தை மொத்தமாகத் தூக்கவேண்டியதில்லை. ஒரு நாளைக்கு நான்கு கிலோவாக, பன்னிரண்டு நாள், தேநீர் பிளாஸ்கில். சக்கரத்தையும் கையால் தூக்கவேண்டியதில்லை. அவளுடைய கடையில் மின்தூக்கி இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்னால் எட்டு வருடம் அந்தக் கடையில் வேலை செய்தவனுக்கு அதை ஓட்டத் தெரியும். அவள் மைதானத்துக்குப் போகும் சனிக்கிழமைகளில் கல்லாவில் உட்கார வருகிறவனும் அவன்தான்.

எல்லைத் தராசுக்குப் பதில் தயாரித்திருந்தான். அக்காவின் கடிகாரத்தை மறந்துவிட்டான். மெலிஸ் பாட்டுக்குப் போகட்டும் என்றான். திங்கட்கிழமை வரைக்கும் தாக்குப்பிடிப்பேன் என்றான். அதற்குள் அல்மாத்தியில் யாரோ சக்கரங்களை வாங்கிக்கொண்டிருப்பார்கள். தாலாய்க்கு வெளிநாட்டில் ஒரு ஆஸ்பத்திரி கிடைத்திருக்கும். மெலிஸுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது.

“சொல்ல மாட்டேங்கறியா? சரி.” பெய்ஷனோவ் மெலிஸின் பிடரியில் கைவைத்து ஜீப்புக்குள் அழுத்தினான். “பொது அறையில நாலு நாள் இருந்தா எல்லாம் ஞாபகம் வரும்.”

மெலிஸ் அவளைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டான். போகட்டும் என்பதுபோல.

புரூல் எழுந்தாள். ஜீப்பின் கதவைச் சாத்தவிடாமல் குறுக்கே நின்றாள். கேப்டனின் கைக்கடிகாரத்தை அவன் மணிக்கட்டோடு பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். 1:31.

“என்ன, எஜே?”

“வார்டு சீட்டை எழுதி வைங்க, கேப்டன். நாலு மணிக்குள்ள என் தம்பி வாயாலயே சொல்ல வைக்கிறேன். இந்த நாலு சக்கரத்தையும் மாட்டினவன் அவன்தான்.”